சனிக்கிழமை பூட்டியிருக்கும் அலுவலகம்

ஊரில் யாராவது "என்ன படிக்கிறாய் பிள்ளை?" என்று கேட்டால் என்னுடைய பதில் இரண்டு சொல்லில் வரும். "பி.கொம், வெளிவாரி." முதல் சொல்லுக்கு முகம் மலரும். இரண்டாவது சொல்லைக் கேட்டதும், "ஓ, எக்ஸ்ரேணலா? அதுவும் நல்லம்தானே" என்பார்கள். அந்த "அதுவும்" இருக்கிறதே, ஏழு வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. கேட்கிறவர்களில் பிழை சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகமே எங்களுக்கு வைத்திருக்கிற பெயர் அதுதானே. உள்ளுக்கு இருக்கிறவை உள்வாரி, வெளியில நிக்கிறவை வெளிவாரி.

2018 இல், 27 வயதில் பதிந்தேன். மூன்று வருடப் பட்டம். கடைசிப் பரீட்சை எழுதியது போன வருடம்தான். இடையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு 2022 இல் எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடாத மாதங்கள். அதெல்லாம் நாட்டுக்கே வந்தது, ஒருவர் தலையிலும் போட ஏலாது. ஆனால் மிச்சத் தாமதம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுத நினைக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை. வீடு பரந்தன், வகுப்புக்கு ஏ9 வீதியால் போகவேணும் என்பது வரைக்கும் சொல்லலாம். வடக்காலா தெற்காலா என்று சொன்னால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதல் நாள் வகுப்பில் நாற்பது பேரளவில் இருந்தோம். ஒரு சமுர்த்தி உத்தியோகத்தர், இரண்டு முன்பள்ளி ரீச்சர்மார், வங்கி ஒன்றில் செக்கியூரிட்டியாக இருக்கிற ஒருவர், கட்டாரில் ஆறு வருடம் வாகனம் ஓடிவிட்டு வந்த அண்ணா, ஏ.எல் முடித்த கையோடு வந்த நாலைந்து சின்னப் பிள்ளைகள், தையல் கடை வைத்திருக்கிற 41 வயது அக்கா ஒருவர். நான் கிளிநொச்சியில் ஒரு லீசிங் கம்பனியில் காசாளர். இப்படிப்பட்ட ஆட்களுக்கு ஆங்கிலத்தில் 'நொன் ட்ரெடிஷனல்' மாணவர் என்று ஒரு பெயர் இருக்கிறதாம். மரபான வழியில் வராதவர்கள். முதலில் அதை வாசித்தபோது சிரிப்புத்தான் வந்தது. வன்னியில் எது மரபு? 19 இல் ஏ.எல், 21 இல் கம்பஸ், 25 இல் பட்டம் என்கிற அந்த நேர் றோட்டால் போனவர்களை எங்கட பாடசாலை பட்ச்சில் ஒரு கை விரலுக்குள் எண்ணி முடித்துவிடலாம். மிச்சப் பேர் முழுக்க வளைந்து வந்தவர்கள், அல்லது வழியில் நின்றுவிட்டவர்கள்.

நான் முதல்தரம் ஏ.எல் எழுதியது 2009 ஓகஸ்ட்டில், செட்டிகுளம் முகாமுக்குள். சண்டை முடிந்து மூன்று மாதம். புத்தகமும் நோட்ஸும் எங்கேயோ ஒரு பங்கருக்குள் போய்விட்டன. முகாமில் வேறு பாடசாலைப் பிள்ளைகளின் கொப்பிகளை மாறி மாறிப் பார்த்துப் படித்தோம். இரண்டாம்தரம் 2010 இல், மீள்குடியேறி தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து. மூன்று பாடமும் பாஸ், வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே. மூன்றாம்தரம் எழுதவில்லை. தம்பி படிக்க வேணும், வீட்டில் உழைக்க வேறு ஆள் இல்லை.

இங்கே ஒரு விசயம் சொல்லவேணும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம்தான் கணக்கு. முகாமில் எழுதியதும் ஒரு தரம், கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே எழுதியதும் ஒரு தரம். மாவட்டத்துக்கு மாவட்டம் வசதி வித்தியாசம் என்பது எங்கட கல்வி முறைக்குத் தெரியாத ஒன்றல்ல. அதனால்தான் இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் சண்டை பிடிக்க எவ்வளவோ இருக்கிறது, அது வேறு கட்டுரை. நான் கவனித்தது வேறு. ஆள் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆள் எந்த வயதில், என்ன சுமையோடு வருகிறது என்று பார்க்க வழியே இல்லை. தகுதி பெறுகிற பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிற நாட்டில், பிந்தி வருகிறவருக்கு ஆர் கதிரை போடுவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நாங்கள் அவர்களுடைய கதிரையைக் கேட்கவில்லை. காசு கட்டி, வார இறுதியில், வெறுமையாகக் கிடக்கிற மண்டபத்தில்தான் படிக்கிறோம்.

வெளிவாரி என்றால் குறைஞ்ச சாமான் என்கிற எண்ணம் எப்போது வந்ததோ தெரியாது. இந்த நாட்டின் பட்டக்கல்வியே வெளிவாரியாகத்தான் தொடங்கியது. 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தபோது அதற்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இல்லை. அங்கே படித்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சையைத்தான் எழுதினார்கள். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை இருபது வருடத்துக்கு மேல் இதுதான் நடந்தது. எஸ்.ஜே.வி. செல்வநாயகம் எடுத்த பி.எஸ்சி லண்டன் வெளிவாரிப் பட்டம். பிறகு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே சட்டக் கல்லூரியில் படித்தார். இன்றைக்கு என்றால் அவரையும் "அதுவும் நல்லம்தானே" என்றிருப்பார்கள். இன்னும் பின்னால் போனால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்துவிட்டுப் போனவர்கள். ஓரிடத்தில் படித்து வேறோர் இடத்தில் பட்டம் எடுத்தவர்கள். அவர்களுடைய படத்தைப் போட்டு விழா எடுக்கிறோம். அதே மாதிரி இப்போது ஒருவர் வந்தால், "முதலாம் வருடத்திலிருந்து தொடங்குங்கோ" என்கிறோம்.

இது சும்மா சொல்லவில்லை. எங்கட வகுப்பில் கணக்கீட்டில் உயர் தேசிய டிப்ளோமா முடித்த ஒருவர் இருந்தார். ஒரு கடைத்தொகுதிக்கே கணக்கு எழுதிக் கொடுக்கிறவர். அவரும் எங்களோடு இருந்து இரட்டைப் பதிவு முறை, பரீட்சை மீதி, ஐந்தொகை என்று முதலிலிருந்து படித்தார். படித்தார் என்பதைவிட, எங்களுக்குப் படிப்பித்தார் என்பதுதான் சரி. "நான் முன்னம் படிச்ச பாடங்களைக் கழிச்சு விடமாட்டீங்களோ?" என்று கேட்டதற்கு, "அப்பிடி ஒரு நடைமுறை எங்களிட்ட இல்லை" என்று பதில் வந்தது. இலங்கைத் தகைமைச் சட்டகம் என்று ஒன்று இருக்கிறது. தொழிற்பயிற்சி, டிப்ளோமா, பட்டம் எல்லாவற்றையும் 12 மட்டங்களுக்குள் ஒரே ஏணியில் அடுக்கி வைத்திருக்கிறது. ஒரு படியிலிருந்து மற்றப் படிக்கு ஆள் ஏறலாம் என்றுதானே ஏணி செய்வது? அலுவலகச் சுவரில் அந்த ஏணியின் படம் வடிவாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

அந்தச் சட்டகத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட், அதாவது 1,500 மணித்தியாலம். வருடம் முழுக்கப் பரவலாகப் பிரித்தால் கிழமைக்கு 29 மணித்தியாலம் வரும். எனக்குக் கிழமைக்கு 45 மணித்தியாலம் வேலை, கடை அலுவலகச் சட்டப்படி. இரண்டையும் கூட்டினால் 74. இதற்குள் சமையல் இல்லை, பஸ் இல்லை, அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவது இல்லை. இந்தக் கணக்கை நான் புலம்புவதற்காகப் போடவில்லை. படிக்க வந்தவர்கள் எல்லோரும் இது தெரிந்துதான் வந்தோம். 74 மணித்தியாலத்தை எப்படியோ சமாளிக்கலாம். சமாளிக்க ஏலாமல் போவது 75 ஆவது மணித்தியாலம், அதாவது தேவையில்லாமல் வீணாகிற மணித்தியாலம்.

அப்படி வீணானவற்றில் முதலாவது, அலுவலகம். எங்களுக்கு வகுப்பு சனி, ஞாயிறு. எங்களுக்கென்றே இருக்கிற அலுவலகம் திறப்பது திங்கள் முதல் வெள்ளி, காலை 8.30 இலிருந்து பின்னேரம் 4.15 வரை. திரும்ப ஒருமுறை வாசியுங்கள். வார இறுதி மாணவருக்கான அலுவலகம் வார இறுதியில் பூட்டு. ஒரு கடிதம் எடுக்க, ஒரு படிவம் கொடுக்க, கட்டின காசின் பற்றுச்சீட்டில் பெயர் பிழை என்றால் திருத்த, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் லீவு. எனக்கு வருடாந்த லீவு 14 நாள். பழைய டயறிகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன், இந்தப் பட்டத்தின் கடதாசி வேலைக்கு மட்டும் 23 நாள் லீவு எடுத்திருக்கிறேன். அதில் ஆறு நாள், "சேர் இண்டைக்கு வரேல்ல தங்கச்சி, நாளைக்கு வாங்கோ" என்று திருப்பி அனுப்பப்பட்ட நாட்கள். அந்த அலுவலகத்தில் இருந்தவர்கள் கெட்ட மனிதர்கள் இல்லை. ஒருவர் எனக்குத் தன் சாப்பாட்டுப் பார்சலில் பாதி தந்திருக்கிறார். சனிக்கிழமை ஒருவரை அங்கே இருத்தி, அவருக்கு வேறொரு நாள் ஓய்வு கொடுக்கலாம் என்று மேலே இருக்கிற ஆருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நூலகம் திறந்திருக்கும், அது உண்மை. ஆனால் நாங்கள் புத்தகம் இரவல் எடுக்க ஏலாது, இருந்து வாசிக்கலாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முக்கால் மணித்தியாலம்.

பரீட்சைத் திகதிதான் எல்லாவற்றையும் விடப் பெரிய இடி. உள்வாரிப் பிள்ளைகளுக்கு வளாகத்தில் இருப்பதால் கதை முன்னமே காதில் விழும். எங்களுக்கு அறிவித்தல் பலகைதான், அல்லது சமுர்த்தி உத்தியோகத்தர் நடத்திய வட்ஸ்அப் குழு. அந்த மனிசன் இல்லாவிட்டால் எங்களில் பாதிப்பேர் பரீட்சையே எழுதியிருக்க மாட்டோம். ஒவ்வொரு வியாழனும் தன் வேலைக்கு நடுவில் போன் எடுத்து, பலகையில் புதுசாக ஏதும் இருக்கிறதா என்று யாரையாவது பிடித்து விசாரித்து, படம் எடுப்பித்துப் போடுவார். இரண்டாம் வருடப் பரீட்சைக்கான நேரசூசி 12 நாளுக்கு முன்னம்தான் வந்தது. ஜனவரி முதல் கிழமை, கிழமை நாட்களில்.

தையல் கடை அக்காவை முதலில் சொன்னேன் அல்லவா. தையல்காரருக்கு டிசம்பர் கடைசியும் ஜனவரியும் எப்படிப்பட்ட காலம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம், ஊர் முழுக்க வெள்ளைச் சட்டை. அறுபது வீட்டாரிடம் முற்பணம் வாங்கியிருந்தார். அந்த இரண்டு மாத உழைப்பில்தான் அவருடைய கடையின் மிச்ச வருடம் ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னம் திகதி சொல்லியிருந்தால் ஓடர் குறைத்திருப்பார், அல்லது வேறொரு ஆளைப் பிடித்துத் தைப்பித்திருப்பார். 12 நாளில் ஒன்றும் செய்ய ஏலவில்லை. மூன்று தாள் எழுதினார், இரண்டு தாள் எழுதவில்லை. "பரவாயில்லை, அடுத்த பட்ச்சோட எழுதுவன்" என்றார். அடுத்த பட்ச்சின் பரீட்சை 19 மாதம் கழித்து நடந்தது.

எனக்கும் அந்தப் பரீட்சை மாதக் கணக்கு முடிக்கிற நேரத்தில்தான் வந்தது. முகாமையாளர் லீவு தர மாட்டேன் என்றார். கவுண்டரில் கூட இருக்கிற பிள்ளை எனக்காக நாலு நாள் இரண்டு பேரின் வேலையைச் செய்தாள். என்னுடைய பட்டத்தில் அவளுக்கும் ஒரு துண்டு இருக்கிறது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, சரி, அங்கே நல்லதே நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்தது. நிதி முகாமைத்துவம் படிப்பிக்க ஒரு மிஸ் வந்தார். எங்களில் பாதிப்பேரைவிட வயது குறைவு. தையல்கடைக்காரரை "அக்கா" என்று கூப்பிடுவார், அக்கா அவரை "மிஸ்" என்று கூப்பிடுவார். முதல் நாளே பாடத்தைத் தொடங்கவில்லை. ஒவ்வொருவரிடமும் "எங்கயிருந்து வாறீங்கள், திரும்பிப் போக கடைசி பஸ் எத்தினைக்கு?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த கிழமையிலிருந்து கஷ்டமான பகுதிகளைக் காலை பத்து மணிக்குப் பிறகு வைத்தார், மூன்றரைக்கு முடித்தார். வராத ஆட்களுக்காக அன்றைய பாடத்தைப் பத்து நிமிடத்தில் தன் குரலில் பதிந்து குழுவில் போடுவார். நான் அதைக் காலையில் சமைக்கும்போது கேட்பேன். ஒரு சட்டமும் மாற்றவில்லை, ஒரு சதமும் செலவழிக்கவில்லை.

வட்டி பற்றிய பாடத்தன்று என்னை முன்னுக்குக் கூப்பிட்டார். "நீங்கள் லீசிங்கில வேலை செய்யிறனீங்கள்தானே, சொல்லுங்கோ, சனத்துக்கு என்ன வட்டி எண்டு சொல்லுறீங்கள்?" நான் சொன்னேன். ஒரு இலட்சம் கடன், 24 வீதம், 12 மாதம். கட்டவேண்டியது மொத்தம் ஒரு இலட்சத்து 24 ஆயிரம், மாதம் 10,333 ரூபா. கடன் எடுக்கிற ஆளுக்கும் 24 என்றுதான் விளங்கும். மிஸ் சோக் கட்டியை என் கையில் தந்து, "இப்ப ஒவ்வொரு மாதமும் உண்மையில் எவ்வளவு காசு அவையிட்ட மிச்சம் இருக்கு எண்டு போடுங்கோ" என்றார். முதல் மாதம் ஒரு இலட்சமும் கையில் இருக்கிறது. ஆறாம் மாதம் அரைவாசியளவுதான் மிச்சம், ஆனால் வட்டி முழு ஒரு இலட்சத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. குறைந்து வருகிற மீதிக்கு வட்டி என்று கணக்குப் போட்டால் உண்மையான வீதம் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 42. வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. ஏனென்றால் அங்கே இருந்தவர்களில் பலருடைய வீட்டில் அப்படியொரு கடன் இருந்தது. முன்பள்ளி ரீச்சர் ஒருவர் கொப்பியைத் திருப்பித் தன்னுடைய கடனைப் போடத் தொடங்கினார். கட்டார் அண்ணா தன் மச்சானுக்குப் போன் எடுக்க வெளியில் போனார்.

ஏ.எல் முடித்த கையோடு வந்த பிள்ளை ஒன்று பிறகு என்னிடம் சொன்னது: "அக்கா, இது பாடம் எண்டு நினைச்சுத்தான் படிச்சனான், இப்பதான் விளங்குது இது காசு எண்டு." பிந்தி வருகிற மாணவர்களால் பல்கலைக்கழகத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு அந்தப் பிள்ளையின் பேச்சைத்தான் காட்டுவேன். வரவேற்பு என்றால் எங்களுக்காக வினாத்தாளை இலகுவாக்குவது என்று சிலர் நினைக்கிறார்கள். "பாவம், வேலையும் செய்து படிக்குதுகள்" என்று புள்ளி போடுகிற விரிவுரையாளரையும் கண்டிருக்கிறேன். அந்தப் புள்ளி எனக்கு வேண்டாம். திகதியை முன்னம் சொல்லுங்கோ, மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்ளுறம்.

ஒரு நிறுவனம் தொடக்கத்திலிருந்தே இப்படிப்பட்ட ஆட்களை நினைத்துக் கட்டப்பட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போகத் தேவையில்லை. 1980 இல் தொடங்கிய எங்கட திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. 18 வயது தாண்டியவர் ஏ.எல் இல்லாமலே அடிப்படைக் கற்கையில் தொடங்கி மேலே போகலாம் என்கிற வாசல் அங்கே இருக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டி என்று பிராந்திய நிலையங்கள் இருக்கின்றன. அதிலும் குறை இருக்கிறது. கட்டணம் சின்னதில்லை, தமிழில் படிக்கக்கூடிய கற்கைகள் கொஞ்சம். ஆனால் அங்கே படிக்கிற என் மச்சாள், தன்னை ஒருவரும் வெளியாள் மாதிரிப் பார்ப்பதில்லை என்கிறாள். எல்லோருமே வேலைக்குப் போகிறவர்கள் என்றால் ஆர் ஆரைப் பார்ப்பது? மற்றப் பல்கலைக்கழகங்கள் எங்களிடமிருந்து கட்டணம் வாங்குகின்றன. வாங்குகிற இடத்தில் எங்களையும் தங்கட பிள்ளைகள் என்று நினைக்கலாம்.

என்னுடைய பெறுபேறு இன்னும் வரவில்லை. வரும். தையல் கடை அக்காவின் கதை அப்படியில்லை. எழுதாமல் விட்ட இரண்டு தாளையும் அடுத்த பட்ச்சோடு எழுதிச் சித்தியடைந்தார். மூன்றாம் வருடத்துக்குக் காசு கட்டப் போனபோது, பதிவுக்காலம் முடிந்துவிட்டது, விரும்பினால் முதலாம் வருடத்திலிருந்து புதிதாகப் பதியலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்துக்குள் கொரோனாவுக்குப் பூட்டியிருந்த மாதங்களும், பரீட்சை வைக்காமலே கழிந்த 19 மாதமும் சேர்த்தி. அவருக்கு இப்போது 48 வயது. நாங்கள் இரண்டு பேரும் இருந்து ஒரு கடிதம் எழுதினோம், எந்தெந்தத் திகதியில் என்ன நடந்தது என்று பற்றுச்சீட்டுகளின் பிரதிகளோடு. போன மாதம் பதிவுத் தபாலில் அனுப்பினோம். கிடைத்தது என்ற அறிவித்தல் மட்டும் வந்திருக்கிறது. கூட்டம் கூடித்தான் முடிவெடுப்பார்களாம். கூட்டம் எப்போது என்று கேட்க வரும் செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன்.